திறந்த ஜன்னல்

ஐயா,

தேவிபட்டினம் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம் எனக்கு. எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். இசையரங்கு, நாடக அரங்குகளின் ஒலியியலில் ஆராய்ச்சி செய்ய ஆசை. வீட்டில், “அதைப் படிச்சு மைக்செட் போடப் போறியா?” என்கிறார்கள். நல்ல அரங்கம் ஒன்றில் நான் கால்கூட வைத்ததில்லை. இதில் வேலை உண்டா? எனக்குத் தகுதி உண்டா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

மைக்செட் போடுவதில் என்ன கேவலம்? வேலை உண்டு, கொஞ்சம்தான். வெளிநாடு போகவேண்டி வரலாம். சரி, அது போகட்டும்.

“கால்கூட வைத்ததில்லை” என்று எழுதினாய் பார், அதுதான் எரிச்சல். இந்தத் துறையைத் தொடங்கிவைத்த வாலஸ் சபின், 1895-இல் ஹார்வர்டில் இளம் இயற்பியல் ஆசிரியர். அங்கே ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரைக் கூடத்தில் ஒரு சொல் சொன்னால் அடங்க ஐந்தரை விநாடி. அடுத்த சொற்களெல்லாம் அதன்மேல் ஏறி விழும். மெத்தை ஒலியை விழுங்கும் என்று சபின் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் சுமந்துவந்து பரப்பினார். ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்தி, ஓசை அடங்கும் நேரத்தை அளந்தார். விடிவதற்குள் மெத்தைகள் பழைய இடத்துக்குப் போயாக வேண்டும். டாக்டர் பட்டம்கூட வாங்காத மனுஷன். 1900-இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹால் என்ற இசையரங்கு, அந்த அளவுகளிலிருந்து அவர் போட்ட கணக்கில் எழுந்ததுதான்.

ஒலியை விழுங்கும் திறனுக்கு அவர் வைத்த அலகு திறந்த ஜன்னல். அதன் வழியே போன ஒலி திரும்பாதே.

எங்கள் ஊரில் கூரையே கிடையாது. திருவிழாவுக்கு வள்ளி திருமணம் நாடகம், ராத்திரி பத்து மணிக்கு மேல். மேடை போடுமுன் பெரியப்பா ஒரு கை மணலை அள்ளி மெல்ல உதிர்ப்பார். மணல் பறக்கிற பக்கம் சனம், எதிர்ப்பக்கம் மேடை. “காத்து கொரலைத் தூக்கிட்டு வரும்டா.”

உடனே முன்னோர் அறிவியல் என்று கிளம்பிவிடாதே. பெரியப்பா சொன்ன காரணம் தப்பு. ஒலி விநாடிக்கு 340 மீட்டர் போகிறது. ஐந்து மீட்டர் காற்று அதைத் தூக்கி என்ன ஆகப்போகிறது? தரையோரம் காற்று மெதுவாகவும் மேலே வேகமாகவும் வீசுகிறது. அதனால் காற்றோடு போகும் ஒலி கீழே வளைந்து சனத்தின் காதில் விழுகிறது. எதிர்த்துப் போவது மேலே வளைந்து தலைக்கு மேலே போய்விடும். ஒரு வருஷம் பெரியப்பாவுக்குக் காய்ச்சல். கமிட்டிக்காரர்கள் மேடையை மாற்றிப் போட்டார்கள். அன்று ஆர்மோனியம் முன்வரிசைக்கு மட்டும்தான். பின்னால் இருந்தவர்களுக்கு நாரதர் வாயசைத்தார், அவ்வளவே. பெரியப்பா போர்வையோடு வந்து நின்று எல்லாரையும் திட்டினார். அதுவும் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை.

காரணம் தெரியாமலே அவர் சரியான இடத்தில் மேடை போட்டார். நீ காரணத்தைப் படித்துவிட்டு, இடம் இல்லை என்கிறாய்.

ஒரு நாள் தனுஷ்கோடிக்குப் போ. 1964 புயலில் கூரை போன தேவாலயத்துக்குள் நின்று ஒரு பலூனை உடைத்து, ஓசை அடங்குவதைச் செல்போனில் பதிவு செய். அப்புறம் ஊரில் உங்கள் பள்ளிக்கூட ஹாலில் இன்னொன்று. இரண்டையும் எனக்கு அனுப்பு. பலூன் நாலைந்து கூடவே வாங்கிக்கொள், அங்கே காற்று அதிகம்.