இன்ஸ்டாகிராமில் 14,000 பேர் பின்தொடர்கிறார்கள், வலைப்பூவும் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாக்கிக்கொள்ளலாமா?

விட வேண்டாம். இந்த ஆண்டு வேண்டவே வேண்டாம்.

நீங்கள் சொல்லாததையும் நானே ஊகித்துக்கொள்கிறேன். வயது முப்பதுக்குள். மேலாளரோடு ஒத்துப்போகவில்லை. வீட்டில் இன்னும் வாய் திறக்கவில்லை. யாரோ “மாதம் ஒரு லட்சம்” என்று போட்ட காணொளியை இரண்டு முறை பார்த்திருக்கிறீர்கள். தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள், 2018இல் நான் அப்படித்தான் இருந்தேன்.

கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாடித்தோட்டம் பற்றி 2014 முதல் பிளாக்கரில் எழுதிவருகிறேன். அப்போதெல்லாம் தமிழ் வலைப்பூவுக்குக் கூகுள் ஆட்சென்ஸ் விளம்பரம் (நம் பக்கத்தில் விளம்பரம் காட்டி, வருவாயில் பங்கு தரும் திட்டம்) கிடையாது. தங்கள் மொழிப் பட்டியலில் தமிழை அவர்கள் சேர்த்தது 2018 பிப்ரவரியில்தான். அதற்கு முன்பு சிலர் ஒப்புக்கு ஆங்கிலத்தில் ஒரு வலைப்பூ தொடங்கி, அதற்கு அனுமதி வாங்கி, அந்த விளம்பரத்தைத் தமிழ்ப் பக்கத்தில் ஒட்டிவிடுவார்கள். நான் செய்யவில்லை. நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் பயம்.

ஏப்ரலில் எனக்கு அனுமதி கிடைத்தது. கணக்கில் பத்து டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். நான்கு மாதத்துக்குள் அதைப் பதிவு செய்யாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். முதல் கடிதம் வரவில்லை. இரண்டாவதும் வரவில்லை. எங்கள் அடுக்குமாடியில் தபால் எல்லாம் காவலாளி அறை மேசையில் குவிந்து கிடக்கும். பீட்சா கடைத் துண்டுப் பிரசுரங்களை அள்ளிப் போடும்போது அதுவும் சேர்ந்து போய்விடும். மூன்றாவது முறை அலுவலக முகவரியைக் கொடுத்தேன். வந்து சேர்ந்தது.

நூறு டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். எனக்கு அது சேர 19 மாதம் ஆனது. ஆயிரம் பார்வைக்குச் சராசரியாக நாற்பது சென்ட். அதாவது இரண்டரை லட்சம் பேர் பக்கத்தைத் திறந்தபின் ஏறக்குறைய 7,000 ரூபாய். நான் கணக்குப் பிரிவு ஆள், வகுத்துப் பார்க்காமல் இருக்க முடியுமா? மாதம் 370 ரூபாய். எங்கள் வீட்டுப் பால் கணக்கு அதைவிட அதிகம்.

“உன் எழுத்து அப்படி இருந்திருக்கும்” என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: இருக்கலாம். “வில்லேஜ் குக்கிங் சேனல் ஜெயிக்கவில்லையா?” என்பவர்களுக்கு: ஜெயித்தார்கள், மறுக்கவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்து கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாத்தாவும் பேரன்களும் 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டார்கள். அந்த அண்டாவையும் அடுப்பையும் பார்க்கும்போது எனக்கும் பெருமைதான். ஆனால் யூடியூபில் நீள் காணொளிக்கான விளம்பர வருவாயில் 55 சதவீதம் படைப்பாளிக்கு என்று ஒரு கணக்காவது இருக்கிறது. இன்ஸ்டாகிராம், பின்தொடர்பவர் எண்ணிக்கையைப் பார்த்துத் தானாகப் பணம் போடுவதில்லை. உங்கள் 14,000 பேரும் சம்பளம் இல்லை. யாராவது ஒரு நிறுவனம் வந்து அவர்களை விலைபேச வேண்டும்.

என்னையும் வந்து விலைபேசினார்கள். 2022 கோடை, மாவுப்பூச்சி கொட்டித் தீர்க்கும் காலம். ஓர் இயற்கைப் பூச்சிவிரட்டி நிறுவனம் அரை நிமிட ரீலுக்கு 8,000 ரூபாய் தருவதாகச் சொன்னது. வசனத்தை அவர்களே எழுதி அனுப்பினார்கள்: “இரண்டு வாரமாக நான் பயன்படுத்துகிறேன்.” பாட்டில் என் கைக்கு வந்து அப்போது இரண்டு நாள்தான். விளம்பரம் என்று குறிப்பிட வேண்டாம், பார்வை குறையும் என்றும் சொன்னார்கள். விளம்பரத் தர மன்றம் 2021 ஜூன் முதலே அந்தக் குறிப்பு கட்டாயம் என்று சொல்லியிருந்தது. தெரிந்தும் போடவில்லை. பாட்டிலைக் கையில் பிடித்து, செம்பருத்திக்குப் பக்கத்தில் நின்று, அந்த வாக்கியத்தைச் சிரித்த முகத்தோடு சொன்னேன். மூன்றாவது டேக்கில் சரியாக வந்தது.

ஒன்பதாம் நாள் கரூரிலிருந்து ஒரு பெண்மணி படம் அனுப்பினார். பைகளில் வளர்த்த 32 மிளகாய்ச் செடிகள். இலை ஓரமெல்லாம் அப்பளம் கருகியதுபோல் சுருண்டிருந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: “சார், நீங்கள் ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லி கலந்தீர்கள்?”

பாட்டிலைத் திருப்பி, லேபிளில் போட்டிருந்த அளவைப் பார்த்துத்தான் பதில் எழுதினேன். அவரும் அதே அளவுதான் கலந்திருந்தார். உச்சி வெயிலில் தெளித்ததுதான் தவறு. எண்ணெய் சேர்ந்த எதையும் சாயங்காலம்தான் தெளிக்க வேண்டும். அது எனக்கு நன்றாகவே தெரியும், வலைப்பூவில் நான்கு தடவை எழுதியிருக்கிறேன். ரீலில் சொல்லவில்லை, ஏனென்றால் வசனத்தில் இல்லை. நீங்கள் மட்டுமா செய்தீர்கள், எல்லோரும் செய்கிறார்கள் என்று ஆறுதல் சொல்ல வேண்டாம். ரீலை நீக்கினேன். நிறுவனம் பணத்தைத் திருப்பிக் கேட்டது, கொடுத்துவிட்டேன். அவருக்கு நாற்பது நாற்று பஸ் பார்சலில் அனுப்பினேன். பாதி வழியிலேயே வாடிவிட்டதாம்.

விளம்பரம் என்று குறிப்பிடுவது பற்றி 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போடச் சட்டத்தில் இடமிருக்கிறது. சும்மா வருகிற பொருளுக்கும் கணக்கு உண்டு: 2022 ஜூலை முதல் ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளோ சலுகையோ கொடுத்தால் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும். “ஃபோன் இலவசமாக வந்தது” என்று ரீல் போடுமுன் இதையும் யோசியுங்கள்.

இப்போது எனக்கு வருவது வகுப்பில்தான். மாதம் இரண்டு ஞாயிறு, பதினைந்து பேர், தலைக்கு 400 ரூபாய். மண் கலவை, தென்னை நார்க்கழிவை எத்தனை முறை அலச வேண்டும், பஞ்சகவ்யம், இவ்வளவுதான். வருகிறவர்கள் பெரும்பாலும் பழைய வலைப்பூ வாசகர்கள், இன்ஸ்டாகிராம் கூட்டம் அல்ல.

இதையும் எங்கள் மொட்டை மாடியில் நடத்த விடவில்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளர் “வணிக நடவடிக்கை” என்று நோட்டீஸ் ஒட்டினார். சிறுவாணித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றி வீணாக்குகிறேனாம். நான் ஊற்றுவது அரிசி கழுவிய நீரும், எங்கள் தளத்து நான்கு வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் நீரும். அதே மாடியில் சங்கப் பொருளாளர் மகனின் பிறந்தநாளுக்கு நள்ளிரவு வரை ஒலிபெருக்கி அலறியபோது எந்த நோட்டீசும் இல்லை. கறிவேப்பிலை வேண்டுமென்றால் மட்டும் என் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். சரி, இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை. இப்போது நண்பர் வீட்டு மாடியில் நடத்துகிறேன்.

ஆக, ஆட்சென்ஸ், வகுப்பு இரண்டும் சேர்ந்து மாதம் 13,000 ரூபாய் தேறும். பத்து வருடத்துக்கு மேல் எழுதியதற்கு. உங்கள் துறை சமையலோ ஒப்பனையோ என்றால் கூடுதலாக வரலாம், எனக்கு அதில் அனுபவம் இல்லை. முதலில் ஆறு மாதச் சம்பளத்தைச் சேமித்துக்கொண்டு பிறகு பேசுங்கள்.

ஆட்சென்ஸ் பின் கடிதத்துக்கு மட்டும் வீட்டு முகவரி வேண்டாம், அலுவலக முகவரியைக் கொடுங்கள். அது வந்து சேரும் வரையிலாவது வேலையில் இருங்கள்.