ஹங்கேரியனில் இரண்டு வாய்பாடுகள்

வணக்கம். செப்டம்பரில் ஹங்கேரியின் டெப்ரெட்சென் பல்கலைக்கழகத்தில் சேர்கிறேன். அமெரிக்க வெளியுறவுப் பயிற்சி நிறுவனத்தின் பழைய ஹங்கேரியப் பாடத்தை ஒலிப்பதிவோடு இரண்டு மாதமாகப் படிக்கிறேன். வேற்றுமை உருபுகள் பிடிபட்டுவிட்டன. ஆனால் ஒவ்வொரு வினைக்கும் கேரெக், கேரெம் (இரண்டுக்கும் 'கேட்கிறேன்' என்றே பொருள்) என்று இரண்டு வாய்பாடு. மனப்பாடம் செய்தும் பேசும்போது எதைச் சொல்வதென்று தடுமாறுகிறேன்.

க., கோவை

அன்புள்ள க.,

அந்தப் பாடம் 1960-களில் ஆங்கிலம் பேசும் அதிகாரிகளுக்காக எழுதப்பட்டது. இந்த இடத்தில் ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழ் வழியாகப் போங்கள்.

"காபி கேட்கிறேன்", "காபியைக் கேட்கிறேன்" இரண்டும் ஒன்றல்ல. முதலாவது ஏதோ ஒரு காபி. இரண்டாவது, பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் தெரிந்த அந்தக் காபி. ஹங்கேரியனும் இதையேதான் பிரிக்கிறது, பிரிக்கும் இடம்தான் வேறு. நாம் 'ஐ'யைச் சேர்த்தும் விட்டும் பெயரில் காட்டுகிறோம். அவர்கள் செயப்படுபொருளுக்கு 'த்' விகுதியை எப்போதும் போட்டுவிட்டு வினையை மாற்றுகிறார்கள்: காவேத் கேரெக், அ காவேத் கேரெம். ஆகவே 'ஐ' இல்லாத இடத்தில் 'த்'தையும் விழுங்கிவிடாதீர்கள்.

மனிதர்கள் வரும்போது இந்த வழி சறுக்கும். "யாரையோ தேடுகிறேன்" என்பதில் 'ஐ' கட்டாயம், ஆனால் ஆள் யாரென்று தெரியாது. அங்கே கெரெஷெக், முதல் வாய்பாடு. என்னை, உன்னை என்பவையும் முதல் வாய்பாட்டையே கேட்கும். 'நான் உன்னை' என்பதற்கு மட்டும் தனி விகுதி: கேர்லெக், அதாவது உன்னைக் கேட்டுக்கொள்கிறேன். தயவுசெய்து என்பதற்கு நண்பர்களிடம் சொல்வதும் இதுவே.

ஒரு பயிற்சி முழுக்க ஒரே வாய்பாட்டில் ஓடினால் நாக்கு பழகும், தேர்ந்தெடுக்கப் பழகாது. நாளுக்கு ஒரு வினை எடுங்கள். 'ஐ' உள்ள ஐந்து, இல்லாத ஐந்து தமிழ் வாக்கியங்களைச் சீட்டில் எழுதிக் குலுக்குங்கள். எடுத்த மூன்று விநாடிக்குள் ஹங்கேரியனில் வாய்விட்டுச் சொல்லுங்கள். தவறியவை மட்டும் மறுநாள் திரும்ப வரட்டும்.

வேற்றுமை பிடிபட்டது என்கிறீர்கள். ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நம் 'இல்' வீட்டிலும் வரும், மேசையிலும் வரும். அவர்களுக்கு உள்ளே வேறு, மேலே வேறு: ஹாஸ்பன், ஆனால் அஸ்தலோன். ஊர்ப் பெயர்களில் இது இன்னும் சிக்கல். நீங்கள் போகும் ஊரில் என்றால் டெப்ரெட்சென்பென், தலைநகரில் என்றால் புடபெஷ்டென். வெளிநாட்டு ஊர்களுக்குப் பொதுவாக முதல் வகை, அதாவது 'உள்ளே' விகுதி. ஹங்கேரிய ஊர்களை மட்டும் விகுதியோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

பெயர்ச்சொல்லையும் 'த்' வடிவத்தோடுதான் குறித்துக்கொள்ள வேண்டும். ஹாஸ் (வீடு) ஹாஸத் ஆகும். அதே ஓசையில் முடியும் காஸ் (எரிவாயு) காஸ்த் ஆகும். ஓசையை வைத்து இதை ஊகிக்க முடியாது. நான் இங்கே தமிழ் எழுத்தில் எழுதியது படிக்கும் வசதிக்காக மட்டுமே. உங்கள் நோட்டில் அப்படி எழுதவேண்டாம். ஹங்கேரியன் பிரித்துச் சொல்லும் இரண்டு ஒலிகள் நம் 'ஸ்' ஒன்றில் கலந்துவிடும், 'காஸ்'-இன் முதல் ஒலியும் 'காவே'-யின் முதல் ஒலியும் ஒன்றாகத் தெரியும். அவர்களுடைய எழுத்திலேயே எழுதுங்கள்.