ஆறு பேருக்கு ஒரே கடவுச்சொல்

கேள்வி: எங்கள் ஜவுளி மொத்த விற்பனை நிறுவனத்தின் கணக்கும் சரக்கு இருப்பும் மைக்ரோசாஃப்ட் எஸ்.க்யூ.எல். சர்வர் என்ற தரவுத்தளத்தில் இயங்கும் ஒரு மென்பொருளில் இருக்கின்றன. தொடங்கிய நாள் முதல் ஆறு ஊழியர்களும் ‘எஸ்.ஏ.’ என்ற ஒரே பெயரில், ஒரே கடவுச்சொல்லில் நுழைகிறோம். புதிய சர்வர் வாங்கப்போகிறோம். விண்டோஸ் வழி உள்நுழைவா, தரவுத்தளத்துக்கெனத் தனிக் கடவுச்சொல்லா என்று சர்வீஸ் செய்பவர் கேட்கிறார். எது நல்லது?
- வாசகர், ஈரோடு

பதில்: எதைத் தேர்ந்தாலும் ஆறு பேருக்கு ஆறு பெயர் என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். எஸ்.ஏ. என்பது அந்த சர்வரின் தலைமை நிர்வாகிக் கணக்கு. பில் போட உட்காருபவர் அந்தப் பெயரில் நுழைந்தால், தரவுத்தளம் முழுவதையும் அழிக்கும் அதிகாரம் அவர் கைக்குப் போய்விடுகிறது. 2002 மே மாதம் பரவிய ‘ஸ்பைடா’ என்ற புழு நிரல், எஸ்.ஏ. கணக்குக்குக் கடவுச்சொல்லே வைக்காமல் விட்டிருந்த சர்வர்களைத் தேடித் தேடிப் புகுந்தது.

வெளியாள் புகுவதைவிட எனக்கு அதிகக் கவலை தருவது உள்ளே நடப்பதுதான். எனக்குத் தெரிந்த ஒரு கடையில், ஒரு வாடிக்கையாளருக்கு 5 சதவீதமாக இருந்த தள்ளுபடி ஒருநாள் இரவு எட்டரை மணிக்கு 15 ஆக மாறியிருந்தது. பதிவில் நேரம் இருந்தது. பெயர் மட்டும் எல்லா வரியிலும் ஒன்றாகவே இருந்தது. சந்தேகம் தன் மீது விழுந்ததால், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன பெண் விலகிப் போனார். அவர் செய்தார் என்பதற்கும் சான்றில்லை, செய்யவில்லை என்பதற்கும் சான்றில்லை. உங்களுடையது கம்பெனிகள் சட்டத்தின்கீழ்ப் பதிவான நிறுவனமானால், 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியுடன் பதிந்து வைக்க வேண்டும் என்பது விதி. எல்லோரும் ஒரே பெயரில் நுழைந்தால் அந்தப் பதிவைக் கொண்டு யாரையும் அடையாளம் காண முடியாது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். விண்டோஸ் வழியில், ஊழியர் காலையில் கணினியைத் திறக்கத் தரும் கடவுச்சொல்லே போதும். அவர் யார் என்பதற்கு விண்டோஸ் சான்று தர, சர்வர் அதை ஏற்றுக்கொள்கிறது, கடவுச்சொல் தரவுத்தளத்துக்குப் போவதே இல்லை. ஒருவர் வேலையை விட்டு நின்றால் ஒரே இடத்தில் அவருடைய கணக்கை முடக்கினால் போதும். ஆனால் இது முழுப் பயன் தருவது, எல்லாக் கணினிகளும் ‘டொமைன்’ என்னும் ஒரே நிர்வாகத்தின்கீழ் இருக்கும்போதுதான். அந்த ஏற்பாடு உங்களிடம் இருந்தால் தயங்காமல் இதையே தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால், தரவுத்தளத்திலேயே ஆளுக்கொரு பெயர் உருவாக்கி, அவரவர் வேலைக்கு வேண்டிய அனுமதியை மட்டும் கொடுக்கலாம். வேறொரு நிர்வாகிக் கணக்கில் நுழைய முடிகிறதா என்று பார்த்துக்கொண்ட பிறகே எஸ்.ஏ.வை முடக்குங்கள், மென்பொருளே அந்தப் பெயரில்தான் சர்வரோடு இணைகிறது என்றால், அந்த இணைப்பையும் முன்னதாக மாற்றச் சொல்லுங்கள்.

பல வணிக மென்பொருள்கள் ஊழியர்களின் பெயர்களையும் கடவுச்சொற்களையும் தமக்கென ஒரு அட்டவணையில் வைத்துக்கொள்கின்றன. அந்த அட்டவணையைத் திறந்து காட்டும்படி சர்வீஸ்காரரிடம் கேளுங்கள். கடவுச்சொல் கட்டத்தில் பொருள் விளங்காத நீண்ட எழுத்து வரிசை இருக்க வேண்டும். அதிலிருந்து மூலக் கடவுச்சொல்லைத் திரும்பப் பெற முடியாதபடி மாற்றிச் சேமிப்பதே முறை. ‘முருகன்123’ என்று அப்படியே படிக்க முடிந்தால், புதிய சர்வர் வாங்கியும் உங்கள் கணக்குக்குப் பாதுகாப்பு வந்துவிடவில்லை. மறந்த கடவுச்சொல்லைக் கேட்டதும் பழையதையே எடுத்துச் சொல்லும் மென்பொருளும் இப்படிப்பட்டதுதான்.

கேள்வி: முப்பது நாளுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்ற வைக்கிறார்கள். இது அவசியமா?
- வாசகி, திருச்சி

பதில்: அவசியமில்லை. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், கசிந்ததற்கான அறிகுறி இல்லாமல் குறித்த கால இடைவெளியில் மாற்றும்படி கட்டாயப்படுத்த வேண்டாம் என்று 2017-இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே சொல்லிவிட்டது. அடிக்கடி மாற்றச் சொன்னால், மாதத்தின் பெயரைக் கடைசியில் ஒட்டுவார்கள், அல்லது துண்டுச் சீட்டில் எழுதி விசைப்பலகைக்கு அடியில் வைப்பார்கள். நீளமான கடவுச்சொல் ஒன்றும், அதோடு சேர்த்துத் தர வேண்டிய, 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் எண்ணைக் காட்டும் கைப்பேசிச் செயலியும் போதும் என்று உங்கள் நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்லுங்கள்.