800 அடி போர்வெல்லிலும் புகைதான்: 1200 போகலாமா?
அரூர் பக்கம் 800 அடி போர் போட்டும் தண்ணீர் இல்லாமல் வெறும் புகைதான், தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்தவர் 1200 போகச் சொல்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீங்க. தர்மபுரி மாவட்டம் பெரும்பாலும் நைஸ், சார்னோக்கைட் என்ற கெட்டிப் பாறை. தண்ணீர் நிற்பது மேலே மக்கிய பாறையிலும் அதன் கீழுள்ள வெடிப்புகளிலும்தான். ஆழம் போகப் போக வெடிப்பு பொதுவாகக் குறையும், காசுதான் கரையும்.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2012-இல் தொடங்கிய நீர்த்தாங்கி (நிலத்தடியில் தண்ணீர் தங்கும் அடுக்கு) வரைபடத் திட்டத்தின் மாவட்ட அறிக்கையைத் தேடி, சோதனைக் கிணறுகளில் எந்த ஆழத்தில் தண்ணீர் தட்டியது என்று பாருங்கள். அடுத்த போருக்கு முன் வேளாண் பொறியியல் துறையில் நிலத்தின் மின்தடை ஆய்வு (resistivity) கேளுங்கள். தரையில் நாலு கம்பி அடித்து மின்சாரம் விட்டு, நிலம் அதை எவ்வளவு தடுக்கிறது என்று அளப்பார்கள். உறுதி கிடையாது, ஆனால் தேங்காயைவிட மேல். தண்ணீர் வந்தால் குடிக்குமுன் ஃப்ளூரைடு பார்த்துவிடுங்கள், அந்தப் பக்கம் அது அதிகம்.