கணப்பின் இருபுறமும் ஸ்பீக்கர்: எங்கே நிறுத்துவது?

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் விக்டோரியா காலத்து வரிசை வீடு ஒன்றில் வசிக்கிறோம். வரவேற்பறையின் 4 மீட்டர் நீளச் சுவர் நடுவே கணப்பு இருக்கிறது. புகைபோக்கிச் சுவர் 35 செ.மீ. முன்தள்ளி நிற்பதால் இருபுறமும் குழிவுகள் உள்ளன. எதிர்ச்சுவர் 3.6 மீட்டர் தொலைவில், சோபா அதை ஒட்டி. ஸ்பீக்கர்களைக் குழிவுகளுக்குள் வைத்ததிலிருந்து மிருதங்கத்தின் தொப்பி, அதாவது தாழ்ந்த ஒலி தரும் பக்கம், கும்மென்று முழங்குகிறது. பாடுபவரின் குரல் அமுங்கிவிடுகிறது. வேறு ஸ்பீக்கர் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். குறை ஸ்பீக்கரில் இல்லை, அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர் என்பதால், அது பெட்டியின் முன்பக்கம் மட்டும் செல்லாமல் எல்லாத் திசைகளிலும் பரவி, அருகிலுள்ள சுவர்களில் பட்டுத் திரும்பி, நேரடி ஒலியோடு சேர்ந்துகொள்கிறது. அருகில் இருக்கும் ஒவ்வொரு பெரிய பரப்பும் இந்தத் தாழ்ந்த ஒலியை 6 டெசிபெல் வரை உயர்த்தக்கூடும். குழிவுக்குள் பின்சுவர், பக்கச்சுவர், புகைபோக்கியின் விலா, தரை என நான்கு பரப்புகள் பெட்டியைச் சூழ்ந்திருக்கின்றன. உயர்ந்த ஒலிகள் பெரும்பாலும் முன்னோக்கியே செல்வதால் அவற்றுக்கு இந்த ஊட்டம் கிடைப்பதில்லை. அதனால்தான் தொப்பி பெருக்கிறது, குரல் பின்தங்குகிறது.

ஸ்பீக்கரின் முகப்பு புகைபோக்கிச் சுவரைவிடக் குறைந்தது 10 செ.மீ. முன்னால் வரும்படி இழுத்து வையுங்கள். அப்போது முகப்புக்கும் பின்சுவருக்கும் இடையே 45 செ.மீ. இருக்கும். பக்கச்சுவரிலிருந்து பெட்டியின் மையம் ஏறத்தாழ 80 செ.மீ. தள்ளி இருக்கட்டும். இரண்டு தூரங்களும் சமமாக இருந்தால் இரு சுவர்களின் பாதிப்பும் ஒரே அதிர்வெண்ணில் குவியும். வேறுபட்டால் அது பரவி மென்மையாகிவிடும். பெட்டியின் பின்னால் போர்ட் எனப்படும் காற்றுத்துளை இருந்து, இதற்குப் பிறகும் முழக்கம் மிஞ்சினால், உற்பத்தியாளர் தரும் பஞ்சு அடைப்பானை அதில் செருகிப் பாருங்கள்.

சோபாவையும் நகர்த்தியே ஆக வேண்டும். 3.6 மீட்டர் இடைவெளியுள்ள இரு சுவர்களுக்கு இடையே 48 ஹெர்ட்ஸ் அளவில் நிலை அலை, அதாவது சுவர்களில் பட்டுத் திரும்பி ஒரே இடத்தில் நிற்பதுபோல் அமையும் அலை, உருவாகிறது. அதன் அழுத்தம் சுவரை ஒட்டி மிக அதிகம், நடுவில் மிகக் குறைவு. உங்கள் தலை சுவரிலிருந்து 60 செ.மீ. முன்னால் வந்தால் முழக்கம் தணியும். அறையின் நடுவே அமர்வதும் சரியல்ல, அங்கே அந்தத் தாழ்ந்த ஒலியே காணாமல் போகும். இந்த அமைப்பில் ஸ்பீக்கர்கள் ஒன்றுக்கொன்று 2.4 மீட்டரும் உங்கள் காதிலிருந்து 2.8 மீட்டரும் தள்ளி நிற்கும். நல்ல ஸ்டீரியோவுக்குத் தேவையான முக்கோணத்துக்கு இது போதும். ட்வீட்டர், அதாவது உயர்ந்த ஒலிகளைத் தரும் சிறு ஒலிவாய், நீங்கள் உட்கார்ந்த நிலையில் காதின் உயரத்தில் இருக்கட்டும்.

கணப்பில் உண்மையிலேயே தீ மூட்டுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. மூட்டுவதாக இருந்தால், எரியக்கூடிய பொருள்களை எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று அடுப்பின் கையேடு சொல்லும் தூரமே இறுதியானது, என் அளவுகள் அல்ல. தொடர் வெப்பம் பெட்டியின் பசையையும் கூம்பைச் சுற்றியுள்ள நுரை வளையத்தையும் கெடுக்கும். இதைவிட முக்கியமானது காற்றோட்டம்: இங்கிலாந்தில் 5 கிலோவாட்டுக்கு மேற்பட்ட விறகடுப்புக்கு நிரந்தரக் காற்றுவழி கட்டாயம். அந்தச் சுவர்த் துளையை ஸ்பீக்கராலோ அலமாரியாலோ மறைத்துவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். கம்பிகளையும் கணப்பின் முன்தரை வழியாகக் கொண்டுசெல்லாமல் சுற்றி எடுத்துச் செல்லுங்கள்.

கணப்பின் இரும்புத் தட்டியும் திரையும் சில ஒலிகளுக்கு அதிரும். 30 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் சோதனை ஒலியை மிதமான அளவில் ஓடவிட்டால் அதிர்வது எது என்று தெரிந்துவிடும்.

பிறகு கர்நாடக இசைப் பாடகர் எம். டி. ராமநாதனின் பதிவு ஒன்றைப் போடுங்கள். அந்தக் கனத்த மந்தர ஸ்தாயிக் குரலைப் போல அறையின் குறையைக் காட்டும் கருவி வேறில்லை என்பது என் கருத்து. தரையில் ஒட்டுநாடாவால் குறியிட்டு, இரு ஸ்பீக்கர்களையும் ஒரே அளவில் 5 செ.மீ. வீதம் நகர்த்திக்கொண்டே வந்து, குரலின் சொற்களும் தொப்பியின் அடிகளும் தனித்தனியாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள்.