‘உப்புத் தண்ணீர்’ வீட்டுக்கு எந்தக் கருவி? வாட்டர் சாஃப்ட்னர் குறித்த கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் வருவது உப்புத் தண்ணீர். குழாயெல்லாம் வெள்ளையாகப் படிகிறது, சோப்பு நுரைப்பதில்லை. வீட்டுக்கு வந்த விற்பனையாளர் டிடிஎஸ் மீட்டரைத் தண்ணீரில் வைத்து, 900 என்று காட்டினார். சாஃப்ட்னர் பொருத்தினால் இந்த எண் பாதியாகக் குறைந்துவிடும் என்றும் சொன்னார். நம்பி வாங்கலாமா?

பதில்: பணம் கொடுப்பதற்கு முன் ‘உப்பு’ என்ற சொல்லை இரண்டாகப் பிரித்துப் பார்த்துவிடுங்கள். நாக்கில் கரிக்கும் தண்ணீரையும் உப்புத் தண்ணீர் என்கிறோம்; கரிக்காவிட்டாலும் வாளியின் ஓரத்தில் வெள்ளைப் படலம் விட்டுச் செல்லும் தண்ணீரையும் உப்புத் தண்ணீர் என்றுதான் சொல்கிறோம். முன்னதற்குக் காரணம் பெரும்பாலும் சோடியம் குளோரைடு, அதாவது சாதாரண உப்பு. பின்னதற்குக் காரணம் கால்சியமும் மக்னீசியமும். இவை மிகுந்த நீருக்குத்தான் கடின நீர் என்று பெயர். ஒரே கிணற்றில் இரண்டு குறையும் சேர்ந்தே இருக்கலாம். ஆனால், சாஃப்ட்னர் சரிசெய்வது இரண்டாவதை மட்டுமே. கரிக்கும் தண்ணீர் அந்தக் கருவியிலிருந்து கரித்துக்கொண்டேதான் வெளிவரும்.

டிடிஎஸ் மீட்டர் நீரின் மின்கடத்தும் திறனை அளந்து, அதைக் கொண்டு கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவை மதிப்பிட்டுக் காட்டுகிறது. அந்த 900-இல் கடினத்தன்மை 150 ஆகவும் இருக்கலாம், 600 ஆகவும் இருக்கலாம். மீட்டருக்கு அந்த வேறுபாடு தெரியாது. சாஃப்ட்னர் ஒரு கால்சியம் அயனியை எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாக இரண்டு சோடியம் அயனிகளை நீரில் விடுகிறது. எனவே டிடிஎஸ் எண் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். அது பாதியாகும் என்று சொல்பவரின் பேச்சை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

கடினத்தன்மையைத் தனியாக அளப்பதற்குச் சொட்டு முறைப் பரிசோதனைப் பெட்டிகள் கிடைக்கின்றன. சிறிய குப்பியில் கோடு வரை தண்ணீர் எடுத்து, நிறங்காட்டியைச் சேர்த்தால், கடின நீர் திராட்சைச் சிவப்பாக மாறும். பிறகு இன்னொரு கரைசலை ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்கிக்கொண்டே வர வேண்டும். சிவப்பு மங்கி ஊதாவாகும். அதன் பிறகு ஏதோ ஒரு சொட்டில் தெளிந்த நீலமாகிவிடும். அதுவரை விட்ட சொட்டுகளின் எண்ணிக்கையைப் பெட்டியில் குறிப்பிட்டுள்ள எண்ணால் பெருக்கினால், லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்ற கணக்கில் விடை கிடைக்கும். பரவலாக வழங்கும் வகைப்பாட்டின்படி 60 வரை மென்னீர், 61 முதல் 120 வரை ஓரளவு கடினம், 121 முதல் 180 வரை கடினம், அதற்கு மேல் மிகக் கடினம். உங்கள் வீட்டில் 150-க்குள் வந்தால் கருவி இல்லாமலே சமாளிக்கலாம் என்பது என் கருத்து. 300-ஐத் தாண்டினால் சாஃப்ட்னரைப் பற்றி யோசிப்பதில் பொருள் உண்டு. அளவு குறைவாக வந்து, தண்ணீர் மட்டும் கரிக்கிறது என்றால், உங்களுக்குத் தேவை, கரைந்த உப்பையே வடிகட்டி நீக்கும் ஆர்ஓ போன்ற வேறு வகைக் கருவி.

கேள்வி: கடின நீரைப் பயன்படுத்தினால் சிறுநீரகக் கல் வருமா? குழந்தைக்குத் தோலில் கரப்பான் இருக்கிறது. சாஃப்ட்னர் போட்டால் குணமாகும் என்று விளம்பரம் சொல்கிறதே?

பதில்: குடிநீரின் கடினத்தன்மைக்கு உடல்நலத்தைக் காரணமாகக் காட்டி உலக சுகாதார நிறுவனம் எந்த வரம்பும் விதிக்கவில்லை. கால்சியமும் மக்னீசியமும் உடலுக்குத் தேவையான தாதுக்கள். கல் பயத்தை முன்னிறுத்தி விற்கப்படும் சாஃப்ட்னரை அந்தப் பயத்துக்காக வாங்க வேண்டாம்.

கரப்பானைப் பொறுத்தவரை, இங்கிலாந்தில் இந்தக் கேள்விக்காகவே ஓர் ஆய்வு நடந்தது. ஏற்கெனவே கரப்பான் உள்ள 336 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரின் வீடுகளில் 12 வாரங்களுக்குச் சாஃப்ட்னர் பொருத்திப் பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சையை மட்டும் பெற்ற பிரிவைவிட இவர்களுக்குக் கூடுதல் பலன் இல்லை என்பது 2011-இல் வெளியான முடிவு. குழந்தையின் வேதனையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோர் எதையாவது செய்துவிடத் துடிப்பார்கள். அந்தத் துடிப்பைக் காசாக்கும் விளம்பரங்கள் எனக்குக் கோபமூட்டுகின்றன. அந்தப் பணம் தோல் மருத்துவருக்கும் அவர் எழுதித்தரும் களிம்புக்கும் போகட்டும். கடின நீரில் குளித்தால் சோப்புப் பிசுக்கு தோலிலும் முடியிலும் தங்கிச் சொரசொரப்பைத் தரும் என்பது உண்மைதான். சாஃப்ட்னரால் அந்தச் சொரசொரப்பு குறையும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் கடினத்தன்மை 450 என்று பரிசோதனையில் வந்தது. நாளொன்றுக்கு 600 லிட்டர் செலவாகிறது. ஒருவர் 10 லிட்டர் ரெசின் போதும் என்கிறார், இன்னொருவர் 40 லிட்டர் வேண்டும் என்கிறார். யாரை நம்புவது?

பதில்: இருவரையும் நம்ப வேண்டாம், கணக்கை நம்புங்கள். சாஃப்ட்னரின் உருளைக்குள் கடுகளவே உள்ள பிளாஸ்டிக் மணிகள் நிரம்பியிருக்கும். அவைதான் ரெசின். அவற்றில் ஒட்டியிருக்கும் சோடியத்தைக் கொடுத்துக் கால்சியத்தை வாங்கிக்கொள்ளும். கொடுப்பதற்குச் சோடியம் தீர்ந்ததும், அடர்த்தியான உப்புக் கரைசலைச் செலுத்திக் கால்சியத்தைக் கழுவி வெளியேற்றினால், மணிகள் மீண்டும் வேலைக்குத் தயாராகிவிடும்.

450 மில்லிகிராமை 600 லிட்டரால் பெருக்கினால் நாளொன்றுக்கு 270 கிராம் கடினத்தன்மையை நீக்க வேண்டும். ஒரு லிட்டர் ரெசின் ஒருமுறை கழுவுவதற்குள் நடைமுறையில் ஏறத்தாழ 50 கிராம் தாங்கும். ஆகவே 10 லிட்டர் ரெசின் 2 நாள்கூட வராது. 25 லிட்டர் நாலரை நாள் வரும். 40 லிட்டர் ஒரு வாரத்தைத் தாண்டும். 25 லிட்டர் ரெசினை ஒருமுறை கழுவ ஏறத்தாழ 3 கிலோ உப்பு செல்லும். இந்த உப்புச் செலவை விற்பவர்கள் தாமாகச் சொல்வது அரிது, நீங்கள்தான் கேட்க வேண்டும்.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. 600 லிட்டரையும் மென்னீராக்கத்தான் வேண்டுமா? கழிப்பறைத் தொட்டிக்கும் வாசல் கழுவும் குழாய்க்கும் மென்னீர் வீண். அந்தக் குழாய்களைப் பிரித்துவிட முடிந்து, தேவை 400 லிட்டராகக் குறைந்தால், நாளொன்றுக்கு 180 கிராம்தான். அதே 25 லிட்டர் ரெசின் ஒரு வாரம் உழைக்கும். பெரிய கருவிக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியைப் பிளம்பருக்குக் கொடுப்பது மேல் என்பேன்.

வாங்கும்போது இன்னும் சிலவற்றையும் பாருங்கள். இத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கடிகாரக் கணக்கில் கழுவும் கருவி, நீங்கள் வெளியூர் போயிருந்தாலும் உப்பையும் தண்ணீரையும் கொட்டிக்கொண்டிருக்கும். செலவான நீரை மீட்டரில் அளந்து, தேவைப்படும்போது மட்டும் கழுவுவது சிக்கனம். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வரை அதன் வழியே விடலாம் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். வேகம் அதற்கு மேல் போனால் கடினத்தன்மை நழுவி வந்துவிடும். பிடிக்கும்போது தெளிவாக இருந்து, வாளியில் சிறிது நேரம் நின்றதும் பழுப்பேறும் தண்ணீர் என்றால் அதில் இரும்பு இருக்கிறது. அதை முதலில் நீக்காவிட்டால், மணிகளின் மேல் இரும்பு படிந்து, விலை உயர்ந்த ரெசின் விரைவிலேயே செயலிழந்துபோகும்.

கேள்வி: உப்பே தேவையில்லாத சாஃப்ட்னர், குழாயின் மேல் மாட்டும் காந்தம் என்றெல்லாம் விற்கிறார்களே?

பதில்: உப்பில்லாக் கருவிகளுக்கு ‘கண்டிஷனர்’ என்ற பெயர்தான் பொருந்தும். அவற்றில் சில, கால்சியத்தை நுண்ணிய படிகங்களாக்கி, குழாயிலும் ஹீட்டரிலும் ஒட்டாமல் நீரோடு போகச் செய்கின்றன. படிவைக் குறைப்பது மட்டுமே நோக்கமென்றால் அவற்றைப் பரிசீலிக்கலாம். ஆனால் கால்சியம் நீரிலேயே இருப்பதால் சோப்பு நுரைக்காது, கண்ணாடியில் புள்ளியும் போகாது. காந்தமும் கால்சியத்தை நீக்குவதில்லை; நான் அதற்குப் பணம் செலவழிக்க மாட்டேன். பொருத்திய பிறகு அதே சொட்டுப் பரிசோதனையைச் செய்து பாருங்கள். எண் குறையவில்லையென்றால் அது சாஃப்ட்னர் இல்லை.

கேள்வி: சாஃப்ட்னர் தண்ணீரைக் குடிக்கலாமா? செடிகளுக்கு ஊற்றலாமா?

பதில்: நீக்கப்படும் ஒவ்வொரு 100 மில்லிகிராம் கடினத்தன்மைக்கும் 46 மில்லிகிராம் சோடியம் நீரில் சேர்கிறது. 450 கடினத்தன்மை முழுவதும் நீங்கினால் லிட்டருக்கு 207 மில்லிகிராம். பெரியவர்கள் நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. 2 லிட்டர் குடித்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரிலேயே போய்விடும். இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைத்து உண்பவர்களும், பால்மாவு கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைகளும் இருக்கும் வீட்டில் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. சமையலறையில் ஒரு குழாயைச் சாஃப்ட்னருக்கு முன்பிருந்தே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். குடிநீருக்கு ஆர்ஓ இருந்தால் அதைச் சாஃப்ட்னருக்குப் பின்னால் பொருத்தலாம். அது சோடியத்தையும் பெருமளவு நீக்கிவிடும், அதன் மெம்பிரேனும் (வடிகட்டும் சவ்வு) படிவிலிருந்து தப்பும். செடிகளுக்கு மென்னீர் ஆகாது. சோடியம் மண்ணை இறுக்கிவிடும். ரெசினைக் கழுவிய உப்பு நீரைத் தோட்டத்துப் பக்கமே விடாதீர்கள்.

கேள்வி: நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோம். சாஃப்ட்னர் பொருத்த உரிமையாளர் சம்மதிக்கவில்லை. ஹீட்டர் தண்ணீரைச் சூடாக்கவே நெடுநேரம் எடுக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: எங்கள் வீட்டு ஹீட்டரும் இப்படித்தான் இருந்தது. கழற்றிப் பார்த்தபோது சூடாக்கும் கம்பியே தெரியவில்லை; விரல் பருமனுக்குச் சாம்பல் வெள்ளையில் ஓடு கட்டியிருந்தது. தொட்டியின் அடியில் நொறுங்கிய முட்டையோடு போலச் சில்லுகள் கிடந்தன. நீர் சூடாகும்போது அதிலுள்ள பைகார்பனேட் சிதைந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறிக் கம்பியில் படிகிறது. அந்த ஓடு வெப்பத்தைச் சரியாகக் கடத்தாததால் மின்சாரம் வீணாகிறது, கம்பியும் அளவுக்கு மீறிச் சூடேறிக் கருகுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை மின் இணைப்பைத் துண்டித்து, தெரிந்த ஆளைக் கொண்டு திறந்து சுத்தம் செய்யுங்கள். எங்கள் வீட்டில் அது ஒரு மணி நேர வேலைதான். அதன் பிறகு பழைய வேகம் திரும்பிவிட்டது.

ஷவரின் முகப்பைக் கழற்றிச் சிட்ரிக் அமிலக் கரைசலிலோ வினிகரிலோ சில மணி நேரம் ஊற வையுங்கள். குமிழி விட்டுப் படிவு கரையும். பளிங்குத் தரையில் இந்த அமிலம் பட்டால் தரையும் அரிக்கும். பிளீச்சிங் பவுடரோடு எந்த அமிலத்தையும் சேர்க்கவே கூடாது, நச்சான குளோரின் வாயு வெளிவரும். துணிக்குச் சோப்புக் கட்டியை விட்டு டிடர்ஜென்ட்டுக்கு மாறுங்கள். கடின நீருக்கென்று உறையில் குறிப்பிட்டிருக்கும் அளவைப் போடுங்கள். பயன்படுத்தியதும் குழாயை ஒரு துணியால் துடைத்துவிட்டால், காய்ந்து படிவதற்கு அதில் தண்ணீர் இருக்காது.