கம்பத்து ராடர் சென்சருக்கு கரண்டும் டேட்டாவும்: கேட்டதும் சொன்னதும்

வாகனம் எண்ணும் ராடர் சென்சரைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். பாதிப் பேர் சென்சரை விட்டுவிட்டு வயரைத்தான் கேட்டிருக்கிறீர்கள். நல்லது, தகராறு வருவதும் பெரும்பாலும் அங்கேதான்.

அண்ணா, கொழும்பு பொரளைப் பக்கம் தெருவிளக்குக் கம்பத்தில்தான் கட்டப்போகிறோம். விளக்கு லைனிலேயே கரண்ட் எடுத்தால் என்ன?

எடுக்கலாம், ஆனால் பகலில் சென்சர் தூங்கிவிடும். வரிசை விளக்குகள் எல்லாம் ஒரே சுவிட்சில் ஓடினால் விடிந்ததும் முழு லைனும் செத்துப்போகும், வெளிச்சம் பார்த்து விளக்கை அணைக்கும் ஒளிச்செல் விளக்குக்கு விளக்கு தனியாக இருந்தால்தான் நாள் முழுக்க 230 வோல்ட் நிற்கும், அதனால் முதலில் நடுப்பகலில் ஒரு எலக்ட்ரீஷியனை வைத்து மீட்டரில் பார்த்துவிடுங்கள். பகலில் இல்லையென்றால் இரவில் சார்ஜ் ஆகும் பற்றரிதான் வழி. 10 வாட்ஸ் சென்சருக்குப் பகல் 12 மணி நேரத்துக்கு 120 வாட்-மணி வேண்டும், 12 வோல்ட்டில் அது 10 ஆம்பியர்-மணி. நான் என்றால் 20க்குக் குறைந்து போடமாட்டேன். இன்னொன்று, கம்பம் யாருடையதோ அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் கை வைக்காதீர்கள்.

கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து 10 வாட்ஸ் சென்சருக்கு 60 மீட்டர். 12 வோல்ட் சப்ளை, 0.5 சதுர மில்லிமீட்டர் வயர். ஆன் ஆகிறது, கொஞ்சத்தில் ரீஸ்டார்ட் ஆகிறது. சென்சர் பழுதா?

சென்சரைக் குறை சொல்லாதீர்கள். அந்த வயர் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 36 ஓம். போக வர 120 மீட்டர், ஆக 4.3 ஓம். 12 வோல்ட்டில் அந்த வயர் வழியாக அந்தப் பக்கம் போகக்கூடிய உச்ச சக்தியே 8 வாட்ஸ் சொச்சம்தான், உங்கள் சென்சர் கேட்பதோ 10. எப்படி நிற்கும்? சென்சர் ஏற்குமானால் 24 வோல்ட் கொடுங்கள், அதே வயரில் 22 வோல்ட் போய்ச் சேரும். ஏற்காவிட்டால் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போடுங்கள், 11 வோல்ட்டுக்கு மேல் கிடைக்கும்.

பிஓஇ, அதாவது நெட்வொர்க் கேபிளிலேயே கரண்டும் அனுப்பும் முறை, போட்டால் ஒரே கேபிளில் டேட்டா, கரண்ட் இரண்டும் முடியாதா?

முடியும், 100 மீட்டருக்குள். சாதாரண ஏஎஃப் வகை (802.3af தரம்) நெட்வொர்க் ஸ்விட்ச் 15.4 வாட்ஸ் கொடுத்தால் மறுமுனைக்கு உறுதியாவது 12.95, உங்களுக்கு அது போதும். கேபிள் மட்டும் முழுச் செம்பாக இருக்க வேண்டும். மலிவாக வருவதில் செம்பு பூசிய அலுமினியமும் உண்டு, பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

நெட்வொர்க் கேபிளுக்கு ஜாக் கட்டும்போது வயர்களின் நிற வரிசை ஏ முறையா பி முறையா?

எதுவானாலும் சரி. இரண்டு முனையும் ஒரே முறை.

வெள்ளவத்தை மரைன் டிரைவில் மாட்டப்போகிறோம். கடல் காற்றுக்கு என்ன செய்ய?

கிளாம்ப், போல்ட் எல்லாம் உப்புக்காற்றைத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கேபிள் வெயில் தாங்கும் கறுப்பு உறையுள்ள வெளிப்புற ரகம். பெட்டிக்குள் கேபிள் எப்போதும் அடிப்பக்கமாகக் கிளாண்ட் (கேபிளை இறுக்கிப் பிடித்துத் தண்ணீரைத் தடுக்கும் திருகு மூடி) வழியாகத்தான் நுழைய வேண்டும், நுழையும் முன் கொஞ்சம் தொங்கவிட்டு வளைத்துவிடுங்கள், மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மேலே துளை போட்டு சிலிக்கன் அப்பும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்!

அண்ணை, ஆர்எஸ்-485ல் (ஏ, பி என்ற இரட்டை வயரில் டேட்டா அனுப்பும் முறை) வரும் டேட்டா குப்பையாக இருக்கிறது.

ஏ, பி வயர்களை மாற்றிப் பாருங்கள். சில கொம்பனிகள் தலைகீழாகப் பெயர் போடுகின்றன. 120 ஓம் மின்தடை லைனின் இரண்டு கோடியிலும் மட்டும், நடுவில் கிடையாது. கிளை கிளையாகப் பிரிக்காதீர்கள், ஒன்றிலிருந்து ஒன்றாகக் கொண்டு போங்கள்.

ஏப்ரல், ஒக்டோபரில் பின்னேர இடிமின்னலுக்கு சர்ஜ் ப்ரொடெக்டர் (திடீரென எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் கருவி) ஒன்று போதுமா?

கேபிளின் இரண்டு முனையிலும் போடுங்கள், கரண்ட் லைனுக்குத் தனியாக இன்னொன்று. எர்த் வயர் குட்டையாக, நேராக இறங்க வேண்டும். சுருட்டி வைத்தால் அது வெறும் அலங்காரம். சென்சர் கம்பத்துக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் வேறு வேறு எர்த் என்றால் டேட்டாவுக்கு ஃபைபர் இழுப்பதே நல்லது, கண்ணாடி இழை வழியாகக் கரண்ட் தாவாது.

ஏணி லொறியின் வாடகை கட்டுப்படியாகவில்லை. திரும்பத் திரும்ப ஏறாமல் இருக்க வழி?

மேலே போகப்போகும் அதே கேபிளை முழு நீளத்துக்கும் தரையில் விரித்து, சென்சரை மாட்டி ஒரு இரவு ஓடவிடுங்கள். சென்சர் முனையில் வோல்ட்டை அளந்து எழுதி வையுங்கள். இரண்டு கோடியிலும் லேபிள் ஒட்டி, மேலே ஒரு மீட்டர் கேபிளை உபரியாக விட்டுவிடுங்கள், நாளைக்கு ஜாக்கை வெட்டிப் புதிதாகக் கட்ட வேண்டி வந்தால் நீளம் இருக்கும்.